யோக்யதையும் தகுதியும்

கேரளத்தில் உயர்கல்விச் சேர்க்கை அறிவிப்பு எதை எடுத்தாலும் அதில் 'யோக்யத' என்ற சொல் தவறாமல் இருக்கும். மலையாளத்தில் அதற்குக் கல்வித் தகுதி என்பதே பொருள். அதில் ஏளனம் எதுவும் இல்லை. அதே சொல் தமிழில் 'யோக்கியதை' என்று ஒலிக்கும்போது கதை வேறாகிவிடுகிறது. "உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?" என்பது தமிழில் சண்டையின்போது கேட்கப்படும் கேள்வி. பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர் அந்த அறிவிப்பை இரண்டு காதுகளாலும் கேட்கிறார். ஒரு காதில் விதி விழுகிறது. மற்றதில் வசை விழுகிறது.

கல்வியியலில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறுவதற்கான தகுதி விதிகள் காகிதத்தில் மிகத் தெளிவானவை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். சேர்க்கைக்கு இளங்கலையிலோ முதுகலையிலோ 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். படிப்பு இரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்பு வருகை 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு. மொத்தம் 20 வாரங்கள் பள்ளியோடு தொடர்பு, அவற்றில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில். எம்.எட். சேர்க்கைக்கு பி.எட்.டில் 50 விழுக்காடு. அதுவும் இரண்டு ஆண்டுகள், ஆய்வேடு கட்டாயம். முனைவர் பட்டத்துக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி, முதுகலையில் 55 விழுக்காடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

இந்த ஏணியின் படிகளில் எங்கும் மொழி என்ற சொல் இல்லை. எந்த மொழியில் கற்பிக்கப்போகும் ஆசிரியர், எந்த மொழியில் பயிற்சி பெற வேண்டும் என்பதை எந்தப் படியும் கேட்பதில்லை. பெரும்பான்மை மொழியில் படித்து, அதே மொழியில் கற்பிக்கப்போகிறவருக்கு அந்த மௌனம் கேட்கவே கேட்காது. எல்லையில் இருப்பவருக்கு அதுவே முதல் தடை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்துக்குள் நின்ற தமிழர்கள் ஒரே ஆட்சியிலிருந்து வந்தவர்கள் அல்லர். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும், சித்தூர் வட்டம் கொச்சியிலும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் இருந்தவை. இடுக்கி மாவட்டம் உருவானது 1972இல்தான். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் பெரும்பாலும் நிலத்தோடு பிணைந்த உழவர்கள். மூணாறு, வண்டிப்பெரியாறு மலைகளில் இருப்போரில் பெரும்பகுதியினர் தேயிலைக்காகக் கங்காணிகள் அழைத்துவந்தவர்களின் வழிவந்தோர். ஒரே 'மொழிச் சிறுபான்மை' என்ற பெயருக்குள் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. தகுதி விதிகள் அவ்விரண்டையும் இரண்டு விதமாகத் தொடுகின்றன.

அதே 1956இல் அரசமைப்புச் சட்டத்தில் 350அ என்னும் கூறு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. கேரளம் இதைப் புறக்கணித்துவிட்டது என்று சொன்னால் நியாயமாகாது. தமிழ்வழிப் பள்ளிகள் பத்தாம் வகுப்பு வரை இருக்கின்றன. மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமம் அறிவியலுக்கும் கணக்குக்கும் சமூக அறிவியலுக்கும் தமிழில் பாடநூல் தருகிறது. கே-டெட் தேர்வின் முதல் பிரிவில் மலையாளம், தமிழ், கன்னடம் ஆகியவற்றுள் ஒன்றை முதல் மொழியாக எழுதலாம். சித்தூரிலும் மூணாற்றிலும் அரசுக் கல்லூரிகளில் தமிழ்த் துறைகள் இருக்கின்றன. ஆனால் 350அ பேசுவது குழந்தையைப் பற்றி. அந்தக் குழந்தைக்குக் கற்பிக்கும் ஆசிரியரையும், அந்த ஆசிரியருக்குக் கற்பிக்கும் பேராசிரியரையும் யார் எந்த மொழியில் உருவாக்குவது என்பதை அது சொல்லவில்லை. குழந்தையின் உரிமை தொடக்கநிலையோடு நிற்கிறது. அந்த உரிமையை நிறைவேற்றும் திறனோ பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தாக வேண்டும்.

இந்த இடைவெளியில் இருவர் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறார்கள். ஒருவர் மூணாற்றுத் தோட்டம் ஒன்றின் லயத்தில் வளர்ந்த பெண். தமிழில் முதுகலை முடித்தவர். மற்றவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து உழவர் வீட்டு இளைஞர், கணிதம் படித்தவர். இருவரும் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். இருவருக்கும் ஒரே ஆசை: தமிழ்வழிப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியராக வேண்டும்.

இளைஞர் பி.எட். படிக்க எல்லையைத் தாண்டினார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் எட்டும் தூரம்தான். சோதனைச் சாவடியைக் கடந்தால் கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும் முறையைத் தமிழிலேயே படிக்கலாம். ஆனால் அங்கே அவர் வெளிமாநிலத்தவர். ஊரில் பிற்பட்ட வகுப்பினராக இருந்தவர், தமிழ்நாட்டில் பொதுப்பிரிவுக்குள் போட்டியிட்டார். பட்டத்தோடு திரும்பியபோது, அது இணையானது என்பதற்கு வேறொரு சான்றிதழ் கேட்கப்பட்டது. வெளிமாநிலப் பட்டத்தைச் சரிபார்ப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிய கடமை; அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆயினும் அவர் சென்றது விருப்பத்தால் மட்டும் அன்று. கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும் பயிற்சி தமது வீட்டுப் பக்கத்தில் கிடைக்காததால் சென்றவர். 'ஏன் வெளியே படித்தாய்?' என்ற கேள்விக்கான விடையை அறியும் கட்டம் அந்த விண்ணப்பப் படிவத்தில் இல்லை.

பெண் கேரளத்துக்குள்ளேயே நின்றார். தமிழை விருப்பப் பாடமாகக் கொண்டு பி.எட். படிக்க இடம் கிடைத்தது. அந்த விருப்பப் பாடம் எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பதில்லை. கல்லூரி இருந்த நகரமோ மலையிலிருந்து வெகு தொலைவு. அங்கே பயிற்சிக்கு எட்டும் தூரத்தில் தமிழ் வகுப்பு நடந்த பள்ளி ஒன்றே ஒன்றுதான். பதினாறு வாரப் பயிற்சியில் அவர் எடுத்த பாடங்களைக் கேட்ட மாணவர் எண்ணிக்கை ஒரு கையின் விரல்களைத் தாண்டவில்லை. தோட்டப் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியரின் வேலை எப்படிப்பட்டது என்பதை அந்தப் பயிற்சி அவருக்குக் காட்டவே இல்லை. அதை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார், மாணவியாக.

எம்.எட். ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் அங்கிருந்துதான் வந்தது: தமிழ்வழி அறிவியல் வகுப்பில் ஆசிரியரின் பேச்சு. தரவு சேகரிக்கப் போன பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். தமிழைத் தம் முயற்சியால் கற்றவர். குழந்தைகள்மீது பெரும் பரிவு உடையவர். விடை எழுதத் திணறிய பிள்ளைகளிடம் அவர், "இன்னொரு அவசரம் தருகிறேன்" என்றார். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. தமிழ்ப் பிள்ளைகள் அதைத் தமிழாகவே கேட்டார்கள். தலையைக் குனிந்து முன்னிலும் வேகமாக எழுதத் தொடங்கினார்கள். தவறுகள் கூடின. ஆசிரியருக்குக் காரணம் புரியவில்லை. பிள்ளைகளுக்கு அவர் வாய்ப்புத் தந்ததே தெரியவில்லை.

இத்தகைய சொற்கள் இரு மொழிகளுக்கும் இடையில் நிறைய உண்டு. ஒலியில் ஒன்று, பொருளில் வேறு. மொழியியல் வகுப்பில் அவற்றைச் சுவையான எடுத்துக்காட்டுகளாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஏழாம் வகுப்பு அறிவியல் அறையில் அவை மதிப்பெண்களாக மாறுகின்றன. தெரியாத சொல் வந்தால் பிள்ளை கையை உயர்த்திக் கேட்கும். தெரிந்ததுபோல் ஒலிக்கும் சொல்லைக் கேட்காது. ஆகவே இங்கே வேண்டியது தமிழ் தெரிந்த ஆசிரியர் என்பதோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு மொழிகளும் உரசும் இடம் எது என்பதை அறிந்த பயிற்சி வேண்டும். வடக்கே காசர்கோட்டில் கன்னடவழி வகுப்புகளுக்குக் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் அனுப்பப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர் போராடியதும் இதே கவலையின் இன்னொரு முகம்.

அவருடைய ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தரவு முழுதும் தமிழ், அதில் மலையாளத்தின் நிழல், பகுப்பாய்வு ஆங்கிலம். 'இன்னொரு அவசரம்' என்ற தொடரை விளக்க ஆங்கிலத்தில் அரைப் பக்கம் தேவைப்பட்டது. தேர்வுத்தாள்களும் ஆங்கிலமே. பத்தாம் வகுப்பு வரை தமிழிலும், கல்லூரியில் தமிழ் இலக்கியத்திலும் பயின்ற ஒருவர் கல்வி உளவியலையும் புள்ளியியலையும் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் முதுகலையில் 68 விழுக்காடு பெற்றவர் எம்.எட்.டில் பெற்றது 54.

விதிகளின் ஏணியில் உள்ள ஒரு பொறி இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. எம்.எட். சேர 50 போதும்; முனைவர் பட்டத்துக்கு 55. இடையில் நிற்பவர் பட்டதாரி; ஆனால் மேலே ஏற முடியாதவர். அவருக்கோ 5 விழுக்காடு தளர்வு பொருந்தும், பட்டியல் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்.

அந்தச் சான்றிதழ்தான் தோட்டத் தமிழரின் பழைய வழக்கு. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியானது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணையே அதன் அடிப்படை. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதைக் காட்ட வேண்டும். வேற்று மாநிலத்திலிருந்து பின்னர் வந்தவருக்கு வந்த இடத்தில் அந்தச் சலுகை இல்லை. இந்தக் கேள்வி எவ்வளவு உயரம் வரை போகக்கூடும் என்பதைத் தேவிகுளம் தொகுதியே காட்டியது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அத்தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜாவின் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவருடைய முன்னோர் 1950க்கு முன்பே அங்கே குடியேறியவர்களா என்பது வழக்கில் எழுந்த கேள்விகளுள் ஒன்று. சட்டமன்ற உறுப்பினருக்கு அந்தக் கேள்விக்கு விடை காண உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. ஆய்வு மாணவிக்கு விண்ணப்பத்தின் கடைசி நாள் வரைதான் அவகாசம்.

ஆவணம் தேடுவதில் ஒரு முரண் உண்டு. தோட்டத் தொழிலாளரைச் சட்டம் பெயரிட்டு அறியத் தொடங்கியதே 1950க்குப் பிறகு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இல் வந்தது. தொழிலாளியின் பெயரைக் காகிதத்தில் நிலைநிறுத்திய இவ்விரு சட்டங்களும், நிரூபிக்க வேண்டிய நாளுக்குப் பின்னே பிறந்தவை. அதற்கு முந்தைய தலைமுறை செக்ரோல் ஏடுகளில் வெறும் எண்ணாகவும், கங்காணியின் கணக்கில் தலையாகவும் இருந்தது. அந்த ஏடுகளிலும் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும்.

அவருடைய குடும்பத்துக்குக் கிடைத்த மிகப் பழைய காகிதம் ஒரு பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. தாத்தாவின் அண்ணன் 1948இல் தோட்டப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்: பெயர், தந்தை பெயர், சாதி, இருப்பிடம் என நான்கு கட்டங்கள். பாட்டிக்கு அது நினைவில் இருந்தது. "பெரியவுகளைப் பள்ளிக்கூடத்துல பேரு சேர்த்தாகளாம், ரெண்டு மாசந்தான். பொறவு தோட்டத்து வேலைக்குப் போயிட்டாக" என்றார். படிக்காமற்போன ஒருவரின் சேர்க்கைப் பதிவு, எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவருடைய தம்பியின் பேத்தி முனைவர் படிப்பில் சேர்வதற்குச் சான்றாக வட்டாட்சியர் மேசையில் வைக்கப்பட்டது. அந்தப் படிவம் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

இதற்கிடையே அவர் முன் எளிய வழி ஒன்றும் திறந்திருந்தது. 2024 முதல் நெட் தேர்வின் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது: இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர், உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் சேர்க்கை பெறுவோர், முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர் என மூன்று வகை. பின்னிரு வகையினருக்குத் தேர்வு 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு என்று கணக்கு. சேர்க்கைக்கான மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். அந்தத் தேர்வில் தமிழின் பாடக் குறியீடு 26. கல்வியியலின் குறியீடு 09. தமிழை எடுத்தால் வினாத்தாள் தமிழில் வரும். முதுகலை மதிப்பெண் 68 இருப்பதால் தளர்வே வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். கல்வியியலை எடுத்தால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும், மதிப்பெண் 54, சான்றிதழ் வந்தாக வேண்டும்.

நண்பர்கள் எல்லோரும் 26 என்றார்கள். ஆய்வுப் பொருளும் தமிழைப் பற்றியதுதானே, தமிழ்த் துறையில் செய்தால் என்ன என்றார்கள். நல்ல கேள்வி. தமிழ்த் துறையில் அந்த ஆய்வைச் செய்யலாம். தமிழிலேயே எழுதவும் கூடும். ஆனால் எம்.எட். வகுப்புக்குப் பேராசிரியராக வேண்டுமானால் கல்வியியலில் முனைவர் பட்டமே நேரான வழி. தமிழில் பெற்ற முனைவர் பட்டம் தமிழ் கற்பிக்க உதவும். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் அறைக்குள் அது எளிதில் நுழையாது. 'இன்னொரு அவசரம்' என்ற தொடர் தமிழ்த் துறையில் ஆய்வுப் பொருளாக நின்றுவிடும். அந்த அறிவியல் ஆசிரியரும், அவரைப் போன்று அடுத்து வருகிறவர்களும் பயிற்சி பெறும் இடத்துக்கு அது போய்ச்சேர வேண்டுமென்றால், கல்வியியலின் வாசல் வழியாகவே போக வேண்டும்.

அவர் 09 என்றே விண்ணப்பித்தார்.

இது வீரச் செயலாகச் சொல்லப்படவில்லை. கணக்கு தவறினால் அவர் ஓராண்டை இழப்பார். தோட்ட வீட்டில் ஓராண்டு என்பது அம்மாவின் ஓராண்டுக் கொழுந்துக் கூலி. கொழிஞ்சாம்பாறை இளைஞருக்கு மதிப்பெண் தடை இல்லை. ஆனால் அவர் ஆய்வு செய்ய விரும்பும் தமிழ்வழிக் கணித வகுப்பைப் பற்றி நேர்காணல் குழுவில் யாராவது ஒருவருக்கேனும் தெரிந்திருக்குமா என்ற ஐயம் அவருக்கு உண்டு. அந்த முப்பது விழுக்காடு, கேட்பவரின் அறிவையும் பொறுத்தது.

தரத்தைக் குறைக்க வேண்டும் என்று இருவருமே கேட்கவில்லை. 50ஐ 45 ஆக்கு, 55ஐ நீக்கு என்பது அவர்கள் வேண்டுகோள் அன்று. அவர்கள் கேட்பவை சிறியவை, ஒரு சுற்றறிக்கையில் அடங்கக்கூடியவை. தமிழ்வழியில் கற்பிக்கப்போகும் பி.எட். மாணவரின் பதினாறு வாரப் பயிற்சியை, கல்லூரி எங்கிருந்தாலும், சித்தூர் வட்டத்திலோ தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலோ உள்ள தமிழ்வழிப் பள்ளியில் செய்ய வழிவகை வேண்டும். அறிவியல், கணிதம், சமூக அறிவியல் பாடங்களுக்கும் தமிழில் கற்பிக்கும் முறை குறித்த ஒரு தாளேனும் வேண்டும். எம்.எட். ஆய்வேட்டின் பொருள் சிறுபான்மை மொழி வகுப்பறையாக இருந்தால் அதை அந்த மொழியில் எழுத இசைவு வேண்டும். ஆய்வுச் சேர்க்கையின் நேர்காணலில், பொருள் அத்தகையதாக இருக்கும்போது, அந்த மொழி அறிந்த ஒருவர் அமர வேண்டும். சாதிச் சான்றிதழ் விசாரணையில் இருப்பவருக்குத் தற்காலிகச் சேர்க்கை தந்து, குறித்த காலத்துக்குள் ஒப்படைக்கச் சொல்லலாம்.

2025 பிப்ரவரியில் ஆசிரியர் கல்விக்கான புதிய வரைவு விதிமுறைகள் வெளியாயின, ஓராண்டு பி.எட்., ஓராண்டு எம்.எட். ஆகியவை அதில் பேசப்படுகின்றன. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளங்கலையும் தொடங்கிவிட்டது. ஏணியின் படிகள் மீண்டும் செதுக்கப்படும் காலம் இது. ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றி நாடெங்கும் விவாதம் நடக்கிறது. மொழியைப் பற்றிய வரியை எழுதவும் இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கருத்துக் கேட்கும் கடிதம் வரும்போது எல்லை மாவட்டங்களின் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இதை எழுதி அனுப்ப வேண்டும். துறைக் கூட்டங்களில் அமர்வோர் பாடத்திட்டக் குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கலாம்.

தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. லயத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கைப்பேசிச் சமிக்ஞை ஓரளவு நிலைக்கிறது. அந்நேரத்தில் கல்விச் சமூகவியலின் ஆங்கிலக் குறிப்புகளை அவர் தமிழில் எழுதிப் பார்க்கிறார், பின்பு மீண்டும் ஆங்கிலத்தில். இளைஞர் அவருக்குப் புள்ளியியல் சொல்லித்தருகிறார், தொலைபேசியில், தமிழில். திட்டவிலக்கத்தைத் தமிழில் ஒருவர் விளக்க இன்னொருவர் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிறது என்பதை அந்த உரையாடல் ஒவ்வோர் இரவும் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மதிப்பெண் தரும் கட்டம் மட்டும் எந்தப் படிவத்திலும் இன்னும் அச்சாகவில்லை.